பரவாயில்லை என்றால் இரண்டு

நகல் வார்டில் மொத்தம் இருபத்திரண்டு படுக்கைகள். அவற்றில் படுத்திருப்பவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் எல்லோரும் மூச்சு விடுவார்கள். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் முதலில் காதில் விழுவது அந்த மூச்சுகள்தான். மழைக்கு முந்தைய காற்றில் ஓலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வது போன்ற ஒரு சத்தம். புதிதாக வரும் மாணவர்கள் அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிடுவார்கள். டாக்டர் நித்திலா நின்றதில்லை. பதினேழாம் படுக்கையின் பக்கம் திரும்பாமல் நடப்பதற்கு அவளுடைய கால்கள் ஆறு வருடங்களாகப் பழகியிருந்தன.

அன்று அந்தப் படுக்கைக்கே போக வேண்டியிருந்தது. வழக்கமாக அந்த வகுப்பை எடுப்பவருக்குக் காய்ச்சல்.

"இவங்க பேர் சண்முகக்கனி," என்றாள் நித்திலா. எட்டு மாணவர்கள் படுக்கையைச் சுற்றி நின்றார்கள். "வயசு நாற்பத்தெட்டு. வெள்ளிமுனை உப்பளத்துல வேலை. கணையத்துல புற்றுநோய். நம்ம காலேஜ் செஞ்ச முதல் நகல்கள்ல ஒருத்தங்க."

படுக்கையில் கிடந்த உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. வயிறு ஏறி இறங்கியது. முகம் மட்டும் யாருடையதும் இல்லை, துணிக்கடைப் பொம்மைக்கு இருப்பது போன்ற ஒரு பொது முகம். முகத்தையும் அச்சு அசலாகச் செய்தால் மாணவர்கள் தொடப் பயப்படுகிறார்கள் என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள்.

"மேடம், இது யோசிக்குமா?" என்று கேட்டான் ஒருவன்.

"யோசிக்காது. சாகறதுக்கு முந்தி நாற்பத்தோரு நாள் இவங்க பதிவுச் சட்டை போட்டிருந்தாங்க. நாடி, மூச்சு, வியர்வை, தசை இறுகுறது, பேச்சு, எல்லாத்தையும் சட்டை எழுதி வெச்சுக்கிச்சு. நீங்க வயித்துல கை வெச்சா அன்னிக்கு அவங்க உடம்பு என்ன செஞ்சிருக்குமோ அதையேதான் இதுவும் செய்யும். புதுசா எதையும் கத்துக்காது."

"அப்போ வலியைச் சட்டை எப்படி அளக்கும்?" இதைக் கேட்டவள் ஹஸீனா. காயல்பட்டினத்துப் பெண். எதைச் சொன்னாலும் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி வைத்திருப்பாள்.

"அளக்காது. வலிக்கு மீட்டர் கிடையாது. நோயாளி வாயால என்ன சொல்றாங்களோ அதுதான் அளவு. 'உயிர் போகுது'ன்னா பத்து. 'தாங்க முடியல'ன்னா எட்டு. 'பரவாயில்லை'ன்னா இரண்டு. உடம்பு படற பாட்டையும் வாய் சொல்ற வார்த்தையையும் மிஷின் ஜோடி சேர்த்து வெச்சிருக்கு. சரி, நீயே பாரு."

ஹஸீனா கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு வயிற்றின் மேல்பாகத்தை அழுத்தினாள். நகலின் தோள்கள் இறுகின. நெற்றியில் ஈரம் அரும்பியது. திரையில் நாடி நூற்று இருபத்தாறுக்குப் போனது.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லம்மா," என்றது சண்முகக்கனியின் குரல். திரையின் ஓரத்தில் எழுத்து மாறியது. வலி: 2.

ஒருவன் சிரித்தான். "நூத்தி இருபத்தாறுல ஓடுது. ரெண்டாம்!"

"சிரிக்காதே. அதுதான் இன்னிக்குப் பாடம்." இந்த வாக்கியங்கள் புத்தகத்தில் இருப்பவை. பார்க்காமலே சொல்ல நித்திலாவால் முடியும். "உப்புலயும் வெயில்லயும் வருஷக்கணக்கா நிக்கிற பெண்களுக்கு வலி தாங்குற எல்லை அதிகம். உடம்பு கத்தும், ஆனா அவங்களுக்கு அது பெருசாத் தெரியாது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் கோட்டுப் பையிலிருந்த பேனாவின் தலையை அழுத்தின. டிக்.

நகல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"மேடம்," என்றாள் ஹஸீனா. "இன்னொரு தடவை அழுத்துங்களேன்."

"எதை?"

"பேனாவை. சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடிக்கிறாங்க. நாங்க யாரும் தொடக்கூட இல்லை."

எட்டு ஜோடிக் கண்கள் நித்திலாவைப் பார்த்தன. திரையில் மூச்சுக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது, மூன்று வினாடி, நான்கு வினாடி. பிறகு அந்தக் குரல், யாரும் எதுவும் கேட்காமலேயே, "பரவாயில்லம்மா," என்றது.

"பழைய நகல்," என்றாள் நித்திலா. "எங்கயாவது கோளாறா இருக்கும். எழுதி வை, சரிபார்க்கச் சொல்லலாம்."

ஹஸீனா எழுதிக்கொண்டாள். அவள் எழுதி முடிக்கும் வரை நித்திலாவின் காதுகள் சுட்டுக்கொண்டிருந்தன.

அது கோளாறு இல்லை. அந்தச் சத்தத்தை அந்த உடம்புக்குக் கற்றுக்கொடுத்தவள் நித்திலாதான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் அந்த மருத்துவமனையில் மேற்படிப்பு மாணவி. சீஃப் டாக்டர் செல்வின் துரைராஜின் காலை ரவுண்ட்ஸ் என்றால் வார்டே முதுகை நிமிர்த்திக்கொள்ளும். நாற்பது படுக்கை. ஒவ்வொன்றிலும் "எப்படி இருக்கு?" என்பார். நோயாளி "வலிக்குது" என்று சொல்லிவிட்டால் அங்கேயே நிற்பார். எப்போதிலிருந்து, எந்த இடத்தில், என்ன மருந்து, ஏன் அந்த மருந்து என்று கேள்விகள் மாணவர் மேல் விழும். ஒரு பதில் தடுமாறினால் போதும். எல்லார் முன்னாலும் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்வார். அதனால் மாணவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஏழு மணிக்கே வந்து ஒவ்வொரு படுக்கையாகக் குனிந்து சொல்லிவிட்டுப் போவார்கள்: "சீஃப் கேட்டா பரவாயில்லைன்னு சொல்லிடுங்க. அப்புறம் நாங்க வந்து கவனிச்சுக்கிறோம்."

நித்திலாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பதிவுச் சட்டை அவளுடைய ஆய்வு. ஒரே ஆள், நாற்பது நாள், இடைவெளியில்லாத பதிவு வேண்டும். வலி ஐந்துக்கு மேல் போனால் விதிப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பதிவு மங்கிவிடும், சட்டையைக் கழற்ற வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் பாதியில் போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் சண்முகக்கனி.

"என்ன டாக்டரம்மா, எலும்பும் தோலுமா இருக்கிய," என்பாள், நித்திலா சட்டையின் கொக்கிகளைச் சரிசெய்யும்போது. "எங்க உப்பளத்துல நின்னா காத்து உங்களத் தூக்கிக் கடல்ல போட்டுரும். சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்மா."

"பொய். வாய் வெளுத்திருக்கு. அந்த டப்பாவுல முறுக்கு இருக்கு, எடுங்க. எனக்குத்தான் எறங்க மாட்டேங்கு."

முதல் வாரம் சீஃப் கேட்டபோது சண்முகக்கனி உண்மையைச் சொல்லிவிட்டாள். "முதுகோட சேத்துக் குடையுது சார்." அன்று நித்திலா கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். ரவுண்ட்ஸ் முடிந்ததும் பதினேழாம் படுக்கைக்கு வந்து, கண்ணில் நீர் முட்ட, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இப்படிச் சொன்னா என் படிப்பே போயிடும்மா. பரவாயில்லைன்னு சொல்லுங்க. மறந்துபோச்சுன்னா நான் பேனாவை அழுத்துறேன். அந்தச் சத்தம் கேட்டதும் சொல்லிடுங்க. அவர் போனதும் நான் வந்து ஊசி போடுறேன். சத்தியமா."

"ஐயே, அழாதிய," என்றாள் சண்முகக்கனி. "இம்புட்டுத்தானே? சொல்லிட்டாப் போச்சு."

அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. டிக். மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "பரவாயில்ல சார்." சில நாள் நித்திலா திரும்பி வந்து சிறிய ஊசி ஒன்று போட்டாள். சில நாள் வகுப்பு இருந்தது. சில நாள் மறந்துபோனது. அந்த மூன்றாவது வகை நாட்கள் எத்தனை என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

வகுப்பு முடிந்ததும் சீஃப்பின் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

செல்வின் துரைராஜுக்கு இப்போது தலை முழுக்க வெளுத்துவிட்டது. குரலும் தணிந்திருந்தது. மாணவர்களைக் கோட்டைக் கழற்றச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார். மேசையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. தொழில்வாரி வலி அட்டவணை.

"உட்காரும்மா. வெள்ளிக்கிழமை இதைச் சென்னைக்கு அனுப்புறேன். ஒப்புக்கிட்டாங்கன்னா தை மாசத்துல இருந்து எல்லா அரசு ஆஸ்பத்திரியிலயும் இதுதான். கட்டட வேலை, மீன்பிடி, தையல், உப்பளம், ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு வலி மருந்துல தொடங்கணும்னு துல்லியமா. உப்பளத்துக்குப் பாதி டோஸ் போதும். எத்தனை பேருக்கு அதிக மருந்தால மூச்சு அடங்கிப் போகுது, உனக்குத் தெரியாதா? அந்த உயிரெல்லாம் பிழைக்கும். உன் ஆய்வுதான் இதுக்கு அஸ்திவாரம். உன் பேரை இரண்டாவதாப் போட்டிருக்கேன்."

நித்திலா கோப்பின் ஓரத்தைத் தொட்டாள். "சார், அந்தப் பதினேழு பத்தி ஒரு சின்ன விஷயம்..."

"ஒரு நகலை மட்டும் வெச்சு எழுதிட்டேன்னு பயப்படுறியா?" அவர் சிரித்தார். "மூணு மாசமா நம்ம வார்டுல நடத்திப் பார்த்தாச்சு. வெள்ளிமுனையில இருந்து மட்டும் எண்பத்து மூணு பெண்கள். எண்பத்து மூணு பேரும் உன் சண்முகக்கனி மாதிரியேதான். அதே நாடி, அதே வியர்வை, அதே வார்த்தை. பரவாயில்லை. இதைவிட என்னம்மா சாட்சி வேணும்?"

எண்பத்து மூன்று பேர். அவர்களில் யார் காதிலும் நித்திலா குனிந்து எதுவும் சொன்னதில்லை. அப்படியென்றால் அது உண்மைதானோ? சண்முகக்கனிக்கும் நிஜமாகவே பெரிதாக வலித்திருக்காதோ? மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. "ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படிக்கட்டின் நடுவில்தான், அந்த நிம்மதியோடு தான் படிகளைக் குதித்துக் குதித்து இறங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்து நின்றாள். பிறகு மெதுவாக நடந்து பெண்கள் அறுவை வார்டுக்குப் போனாள்.

ஹஸீனா அங்கே வலிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் வகுப்பு, பகலில் வார்டு. அது மாணவர்களின் முறை.

"மேடம், நானே உங்களைத் தேடணும்னு நினைச்சேன். இந்த ஆறாம் படுக்கையைப் பாருங்களேன். வெள்ளிமுனைதான். உப்புப் புண் எலும்பு வரைக்கும் போய், முந்தாநேத்து பாதிப் பாதத்தை எடுத்தாங்க. பல்லைக் கடிச்சுக் கடிச்சு உதடு கிழிஞ்சிருக்கு. கேட்டா பரவாயில்லைங்கிறாங்க. ரெண்டுன்னு போட்டா மருந்துப் பெட்டி பாதி டோஸுக்கு மேல திறக்க மாட்டேங்குது."

ஆறாம் படுக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சுவரைப் பிடித்தபடி படுத்திருந்தாள். கட்டுப்போட்ட கால் தலையணை மேல் இருந்தது. நித்திலாவைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"படுத்துக்கோங்க. பேர் என்ன?"

"தங்கபுஷ்பம் டாக்டரம்மா."

"காலு என்ன செய்யுது?"

"பரவாயில்ல டாக்டரம்மா."

"பெரிய டாக்டர் யாரும் இல்லை. நானும் இந்தப் பொண்ணும்தான். உதடு ஏன் கிழிஞ்சிருக்கு?"

தங்கபுஷ்பம் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு ஹஸீனாவைப் பார்த்துப் புன்னகை செய்தாள், சின்னப் பிள்ளையிடம் ரகசியம் சொல்வது போல. "உங்களுக்குத் திட்டு விழக் கூடாதுல்லா. அதான்."

"யாருக்குத் திட்டு?"

"உங்க மாதிரி சின்ன டாக்டர்மாருக்குத்தான். வலிக்குன்னு பெரிய டாக்டர்ட்ட சொன்னா சின்னவியளப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிருவாவளாம். கோட்டக் கழத்தி வெளிய நிறுத்துவாவளாம். பாவம், அதுகளும் ஒருத்தி பெத்த பிள்ளைகதானே. அதனால யாரு என்ன கேட்டாலும் பரவாயில்லைன்னு சொல்லணும். அதுதான் பெரியாஸ்பத்திரி மரியாதை. எங்க ஊர்ல யாரு இங்க வந்தாலும் இதைச் சொல்லிக்குடுத்துத்தான் பஸ் ஏத்தி விடுவோம்."

"உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?" கேட்கும்போதே நித்திலாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அது வரும்வரை நிற்க வேண்டியிருந்தது.

"எங்கம்மா. இதே ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாவ. சண்முகக்கனின்னு பேரு. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாப்பேன். ஒரு சின்ன டாக்டரம்மா, எலும்பும் தோலுமா இருக்கும், எம்மேல உசுரா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ. அந்தப் பிள்ளதான் இந்த வழக்கத்தச் சொல்லிக்குடுத்துச்சாம். ஊருக்கே அம்மாதான் சொல்லிவிட்டாவ. கூட வேலை செஞ்ச பொம்பளைக வந்து பார்க்கும்போதெல்லாம் இதே பேச்சுதான்."

எண்பத்து மூன்று பேர்.

ஹஸீனா பட்டியலிலிருந்து நிமிர்ந்தாள். அவள் பார்வை நித்திலாவின் முகத்துக்கு வந்து, அங்கிருந்து கோட்டுப் பையிலிருந்த பேனாவுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. அவள் ஏதாவது கேட்டிருந்தால் அது ஒரு உதவியாக இருந்திருக்கும்.

"தங்கபுஷ்பம்," என்றாள் நித்திலா, கட்டில் பக்கம் குனிந்து. "நாளைக்குக் காலையில பெரிய டாக்டர் வருவார். அவர் கேட்டா, 'தாங்க முடியல'ன்னு சொல்லி..."

நிறுத்திக்கொண்டாள். அதே குனிவு. அதே தாழ்ந்த குரல். அதே "கேட்டா சொல்லிடுங்க". வேறொரு வார்த்தையை அதே காதுக்குள் வைக்கப் போயிருந்தாள்.

"என்ன சொல்லணும் டாக்டரம்மா?" என்றாள் தங்கபுஷ்பம், ஒப்பிக்கத் தயாராக.

"ஒண்ணுமில்லை," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் பதினைந்து பேர் இருந்தார்கள். சீஃப் நடுவில். மாணவர்கள் அவரைச் சுற்றிப் பிறை போல. நித்திலா அவருக்கு இடப்பக்கம், பன்னிரண்டு வருடங்களாக நிற்கும் அதே இடத்தில். பேனாவை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். விரல்கள் காலிப் பைக்குள் அதைத் தேடிக்கொண்டிருந்தன.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல சார்," என்றாள் தங்கபுஷ்பம். உதட்டில் புதிய ரத்தம் இருந்தது.

சீஃப் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "மூணாவது நாள். பாதிப் பாதம் எடுத்திருக்கு. பாதி டோஸ்ல படுத்திருக்காங்க. வேற யாராவது இருந்தா வார்டே அதிரும். இதைத்தான்..."

"சார்," என்றாள் நித்திலா. "அது அவங்க வார்த்தை இல்லை. என்னோடது."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நினைத்து வைத்திருந்த வரிசையில் வரவில்லை. பேனா முதலில் வந்தது, அழுதது அப்புறம் வந்தது, போடாமல் விட்ட ஊசிகள் கடைசியில் வந்தன. நடுவில் ஒரு இடத்தில் "எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம்" என்று வாய்க்கு வந்ததை விழுங்கினாள். மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி தட்டில் கரண்டியை மெதுவாக வைத்தாள். "வெள்ளிமுனையில எல்லாரும் இதைச் சொல்றாங்கன்னா, அது உப்பால இல்லை சார். என்னால."

முதலில் பேசியது தங்கபுஷ்பம்.

"அந்தப் பிள்ள நீங்களா?"

நித்திலா தலையசைத்தாள்.

"குண்டாயிட்டியளே," என்றாள் தங்கபுஷ்பம். அதில் ஏளனம் இல்லை, வெறும் ஆச்சரியம். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது, தண்ணீர் வற்றிய பாத்தி போல. "அப்போ எங்கம்மாவுக்கு வலிச்சுதா?"

இந்தக் கேள்வியை நித்திலா எதிர்பார்க்கவில்லை. சீஃப்பின் கோபத்தை, விசாரணையை, பதக்கம் பறிபோவதை எல்லாம் இரவு முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இதைப் பார்த்திருக்கவில்லை.

"சொல்லுங்க. அம்புட்டு பெரிய சீக்கு வந்தும் எங்கம்மா வலியில்லாமத்தான் போனாவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதோம். சாமி கண்ணத் தொறந்துச்சுன்னு கோயில் கொடைக்குப் பொங்கல் வெச்சோம். வலிச்சுதா, இல்லையா?"

"வலிச்சுது," என்றாள் நித்திலா. "ரொம்ப."

தங்கபுஷ்பம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் ஒரு முறை குலுங்கி அடங்கின. திட்டுவாள் என்று நித்திலா காத்திருந்தாள். திட்டவில்லை. சுவரைப் பார்த்தபடியே, யாரிடமும் இல்லாமல், சொன்னாள்.

"அப்போ எனக்கும் வலிக்கத்தான் செய்யுது. கொல்லுது. யாராவது ஏதாவது போடுங்க. இந்தம்மா வேண்டாம். வேற யாராவது."

ஹஸீனா பட்டியலில் இரண்டை அடித்து ஒன்பது என்று எழுதினாள். மருந்துப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஊசியை அவளே போட்டாள்.

ரவுண்ட்ஸ் பாதியில் நின்றது. தன் அறையில் சீஃப் வெகுநேரம் கோப்பைத் திறக்காமல் அதன் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நித்திலாவை உட்காரச் சொல்லவில்லை. நிற்பதுதான் அவளுக்கும் எளிதாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை இது போகாது," என்றார். "விசாரணைக் குழு வரும். உன் பட்டத்தைப் பத்தி நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

"பன்னிரண்டு வருஷம். ஏன்மா?"

அவளிடம் பதில் இருந்தது. வெட்கம். ஆனால் அந்தச் சொல் அவ்வளவு சிறியதாக இருந்ததால் அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பேனாச் சத்தம் எனக்குக் கேட்கும். தினம் கேட்டிருக்கேன். இந்தப் பொண்ணுக்கு ஏதோ கெட்ட பழக்கம்னு நினைச்சுப்பேன். நினைச்சுப்பேன்னு இப்ப சொல்லிக்கிறேன்." ஜன்னல் பக்கம் பார்த்தார். "நாற்பது படுக்கைம்மா. பரவாயில்லைன்னு சொன்னா அடுத்த படுக்கைக்குப் போகலாம். எனக்கு அந்த வார்த்தை பிடிச்சிருந்தது. ஒரு தடவைகூட இரண்டாவது கேள்வி கேட்டதில்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மதியம் நகல் வார்டில் வகுப்பு எதுவும் இல்லை. விளக்குகள் அணைந்திருந்தன. உயர ஜன்னல்களிலிருந்து வெயில் மட்டும் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. நித்திலா முதல்முறையாகத் தானாகவே பதினேழாம் படுக்கைக்கு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையின் மேல் யாரோ ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். ஹஸீனாவின் கையெழுத்து: கோளாறு இல்லை. சரிபார்க்க வேண்டாம்.

இந்த உடம்பால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்று அவளே வகுப்பில் சொல்லியிருந்தாள். இனி அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்று சண்முகக்கனியிடம் சொல்லிப் பயனில்லை. சீஃப் போய்விட்டார், நான் ஊசியோடு வந்திருக்கிறேன் என்று சொல்லியும் பயனில்லை. நாற்பத்தோரு நாட்கள் அங்கே முடிந்து, மூடி, பூட்டப்பட்டிருந்தன.

இருந்தாலும் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரல் நுனிகளில் உப்பு அரித்த பள்ளங்களைக்கூட அப்படியே செய்திருந்தார்கள்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா," என்றாள்.

பிறகு அந்தக் குரல், முறுக்கு டப்பாவை நீட்டிய அதே குரல், மெதுவாகச் சொன்னது.

"பரவாயில்லம்மா."

அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு. காலை மிதித்தவரிடம், தாமதமாக வந்தவரிடம், தவறு செய்தவரிடம் நாம் எல்லோரும் சொல்வது அதைத்தான். அந்தப் பொருளில் அது தனக்குச் சொல்லப்பட்டிருக்கலாம். அந்த நாற்பத்தோரு நாட்களில் எப்போதாவது ஒரு நாள், ஊசி போட மறந்து மறுநாள் வந்து நின்ற ஒரு பெண்ணிடம், சண்முகக்கனி மனதார அப்படிச் சொல்லியிருக்கலாம். அப்படியே நம்பிக்கொண்டு எழுந்து போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மனதாரச் சொல்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை.

திரும்பித் திரையைப் பார்த்தாள்.

மூச்சுக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. நாடி நூற்று முப்பது. ஓரத்தில், வலி: 2.

கையை விடாமல், அந்த மூச்சு வெளியே வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.